அத்தான் வாங்கிய கொக்கி

எங்கள் அத்தான் அமெரிக்காவில் இரண்டு வீடு வாங்கியிருக்கிறார். முதல் வீட்டுக்கு முப்பது வருஷக் கடன். இரண்டாவது வீட்டுக்கு நாலு சக்கரம்.

அதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். 26 அடி நீளம். உள்ளே போனால் கட்டில், காஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், சோபா, குளிக்க ஒரு அறை, 'அதற்கு' ஒரு அறை... சென்னையில் இதைவிடச் சின்ன போர்ஷனுக்கு நான் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். இதில் இல்லாத ஒரே சாமான் என்ஜின். இழுத்துப் போக ஒரு வண்டி வேண்டும். அத்தானிடம் பிக்-அப் டிரக் இருந்தது. டல்லாஸ் பக்கத்தில் பிளேனோ என்கிற ஊரில் அவர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸில் பிக்-அப் டிரக் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்களோ என்று சந்தேகப்படும் அளவுக்குத் தெருவெல்லாம் அதுதான்.

2023 அக்டோபரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அப்பா "அதைப் பார்க்கணும், இதைத் திங்கணும்" என்று வாய் திறந்து எதையும் கேட்டதே இல்லை. பிளேனோவிலும் அப்படித்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரன் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் அக்கா பெண் போனில் ஏதோ வீடியோ காட்டினாள். பாலோ டூரோ என்று ஒரு பள்ளத்தாக்கு. 120 மைல் நீளம், 800 அடி ஆழம், முழுக்கச் செக்கச் செவேல் என்று மண். அப்பா கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"ஏட்டி, இது நம்ம தேரிக்காடு மாதிரில்லா இருக்கு!" என்றார்.

எங்களுக்குச் சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம். தேரிக்காட்டுச் செம்மண்ணில் புரண்டு வளர்ந்த மனுஷர். அக்கா உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். அன்று ராத்திரியே அத்தான் முடிவு செய்துவிட்டார். அப்பாவுக்கு ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டும், ஹோட்டல் சாப்பாடு ஆகாது. ஆகவே டிரெய்லர்! ஒரு வாரத்துக்குள் வாசலில் வந்து நின்றது. அத்தான் செய்கிற எதுவுமே இந்த வேகத்தில்தான் இருக்கும். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே தேதி குறித்துவிட்டுப் போனவர்.

கிளம்பின தினம் ஆறு பேரும் டிரக்கில் ஏறினோம். முன்சீட் நம்ம ஊர் அம்பாசடர் மாதிரி பெஞ்ச். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர். டிகேட்டர் என்கிற ஊரைத் தாண்டி 287-ம் நம்பர் ஹைவேயில் 65 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். இடது பக்கம் பதினெட்டு சக்கர லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. லாரியின் மூக்கு தள்ளிய காற்று எங்கள் டிரெய்லரின் பின்பக்கத்தில் மோதியது.

அவ்வளவுதான். டிரெய்லர் ஆட ஆரம்பித்தது.

முதலில் மெதுவாக, சாமி வந்தவர் ஆரம்பத்தில் ஆடுகிற மாதிரி. பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசாக. பின்னால் ஆடுகிற ஆட்டத்தில் முன்னால் எங்கள் டிரக்கின் பிருஷ்டமும் ஆடியது. அத்தான் பிரேக்கை ஓங்கி மிதித்தார். மகா தப்பு என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற குட்டி லீவரைக் கையால் நகர்த்த வேண்டுமாம். அத்தான் முழங்காலுக்குப் பக்கத்திலேயே அந்த லீவர் இருந்தது. பக்கத்தில் இருப்பது ஆபத்து நேரத்தில் எங்கே ஞாபகம் வருகிறது?

எங்கள் குலசாமி அமெரிக்காவரைக்கும் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். வண்டி ஒருவழியாக ஓரத்தில் நின்றது. யாரும் பேசவில்லை. அக்காவின் சின்னப் பையன் மட்டும் "அகெய்ன்!" என்றான். அடி வாங்கினான்.

அப்பா மெதுவாக இறங்கினார். டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பின்பாரம் மாப்ளே" என்றார்.

எங்கள் வீட்டில் இதில் ஒரு சிக்கல். அப்பா அத்தானை மாப்ளே என்பார். அத்தான் என்னை மாப்ளே என்பார். நாங்கள் இரண்டு பேருமே திரும்பினோம்.

"கருப்பட்டிச் சிப்பம் ஏத்துறப்ப பின்னால கூடிட்டா, நுகத்தடி மாட்டுக் கழுத்தைவிட்டு மேல தூக்கும். வண்டி நிதானத்துல நிக்காது. கொஞ்சம் முன்பாரம் வேணும். மாடு கழுத்துல 'இருக்கேன்'னு ஒரு பாரம் அழுத்திக்கிட்டே இருக்கணும்" என்றார்.

அத்தான் ஐ.டி. கம்பெனியில் ஆர்க்கிடெக்ட். மாட்டு வண்டித் தியரியை மதித்துத் தலையாட்டினார். காதில் வாங்கிக்கொள்ளவில்லை. 45 மைல் வேகத்தில் உருண்டு வீடு திரும்பினோம். அப்பா மறுபடி ஜன்னல் ஓரம். எதிர்வீட்டுப் புல். ஊருக்குத் திரும்ப டிக்கெட் இன்னும் மூன்று வாரத்தில்.

அன்று ராத்திரி அத்தான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "மாப்ளே, நமக்கு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் இல்லாததுதான் கோளாறு. வாங்கி மாட்டிட்டாப் போச்சு. இருக்கறதுலயே காஸ்ட்லியா ஒண்ணு எடுத்துருவோம்" என்றார்.

ஹிட்ச் என்றால் கொக்கி. டிரக்கின் பின்னால் ஒரு இரும்புக் குமிழ், டிரெய்லரின் மூக்கில் ஒரு கிண்ணம். கிண்ணம் குமிழ் மேல் உட்காரும். எங்களுக்கு டிரெய்லர் விற்றவர் அந்தச் சாதாரணக் கொக்கியை இனாமாகக் கொடுத்து, "உங்க டிரக் இதை அநாயாசமா இழுக்கும்" என்று முதுகில் தட்டி அனுப்பியிருந்தார். இனாமாக வருகிற எதையும் ஒருதரம் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது அடியேனின் கொள்கை.

நான் பி.காம். பஞ்சரான டயரைக்கூடப் பெயர் சொல்லித்தான் அடையாளம் காட்டுவேன், கழற்றத் தெரியாது. ஆனால் எங்கே கணக்கு இடிக்கிறது என்று மோப்பம் பிடிக்க மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு டிரக்கின் அடியில் படுத்தேன். பம்பருக்குக் கீழே, குமிழ் சொருகுகிற இடத்தில் ஒரு ஸ்டிக்கர். அதில் இரண்டு வரி. சாதாரணக் கொக்கி என்றால் டிரெய்லர் 5,000 பவுண்டு, மூக்குப் பாரம் 500 பவுண்டு. பாரம் பகிர்கிற கொக்கி என்றால் 10,000-ம் 1,000-ம். ஆயிரம் பவுண்டு என்பது நம்ம கணக்கில் 454 கிலோ. எங்கள் டிரெய்லர் சாமானோடு 6,400 பவுண்டு. அதாவது முதல் நாளே நாங்கள் ஸ்டிக்கரின் பேச்சைக் கேட்காமல்தான் கிளம்பியிருக்கிறோம்!

"அத்தான், கொக்கி வேணும்கறது நிஜம். ஆனா எந்த சைஸ் கொக்கின்னு மூக்குப் பாரம் தெரியாம எப்படி வாங்குவீங்க?"

"பிரோஷர்ல போட்டிருக்கே மாப்ளே."

பிரோஷரில் போட்டிருந்தது காலி டிரெய்லரின் கணக்கு. மூக்கிலேயே உட்கார்ந்திருக்கும் இரண்டு காஸ் சிலிண்டரையும் பேட்டரியையும் பல கம்பெனிகள் அதில் சேர்ப்பதில்லை. அக்காவின் கிரைண்டரை யாருமே சேர்ப்பதில்லை.

மூக்குப் பாரத்தை அளக்கக் குட்டித் தராசு ஒன்று விற்கிறார்கள். வாங்கி வந்து, டிகேட்டருக்குப் போன அதே சாமான்களோடு மூக்கை இறக்கி வைத்தோம். 450 பவுண்டு காட்டியது. 6,400-ல் 450 என்றால் 7 சதவிகிதம். இந்த மாதிரி டிரெய்லருக்கு 10-லிருந்து 15 சதவிகிதம் வரை மூக்கில் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆட்டம் கியாரண்டி.

அத்தான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே மாமனார்.

"மாமா சொன்னது சரிதான் போல" என்றார்.

ஏன் பின்பாரம்? விசாரணைக் கமிஷன் போட்டோம். குற்றவாளி நம்பர் ஒன்று, தண்ணீர். அப்பா இரண்டு வேளை குளிப்பவர் என்று அத்தான் 40 காலன் டாங்கியை விளிம்புவரை ரொப்பியிருந்தார். ஒரு காலன் எட்டே கால் பவுண்டுக்கு மேல். மொத்தம் 330 பவுண்டு. அந்த டாங்கி எங்கள் மாடலில் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது. இரண்டு, பின் பம்பரில் தொங்கிய நாலு சைக்கிள். மூன்று, சமையலறை. அது டிரெய்லரின் கடைசிக் கோடியில். அங்கே அக்கா ஏற்றியிருந்த சாமான் பட்டியலை முழுக்கப் போட்டால் ஆசிரியர் பக்கம் போதாது என்பார். இட்லிக் கொப்பரை, பத்து லிட்டர் குக்கர், பொன்னி அரிசி இரண்டு மூட்டை, வெட் கிரைண்டர்.

"நாலு நாளைக்கு கிரைண்டர் எதுக்குக்கா?"

"மாவு தீந்துபோச்சுன்னா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஒரு முழு சாயங்காலம் சண்டை நடந்தது. கடைசியில் கிரைண்டர் வீட்டில், அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் என்று சமாதானம். தண்ணீரை வடித்தோம் (போகிற இடத்தில் குழாய் உண்டு). சைக்கிள்களை இறக்கினோம். அரிசியையும் பாத்திரத்தையும் முன்னால் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். மறுபடி நிறுத்தால் மொத்தம் 5,900, மூக்கில் 740. பன்னிரண்டரை சதவிகிதம். அப்பா தேறிவிட்டார்!

கொக்கியே வேண்டாம், முன்பாரம் வந்துவிட்டதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. குமிழில் மாட்டிப் பார்த்தோம். டிரக்கின் பின்பக்கம் தரையை நோக்கிக் குந்தியது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. ஹெட்லைட் போட்டால் எதிர்வீட்டு மாடி ஜன்னலில் வெளிச்சம். அந்தப் புல்வெட்டி எட்டிப் பார்த்துக் கையாட்டினான்.

அப்பாவின் மாட்டு வண்டித் தியரி அங்கே நின்றுவிடுகிறது. டிரக்கில் அந்தப் பாரம் பின் சக்கரத்துக்கும் பின்னால், ஒரு நாலரை அடி தள்ளித் தொங்குகிறது. பார்க்கில் ஏற்ற இறக்கப் பலகையின் ஒரு நுனியில் குண்டு மாமா உட்கார்ந்தால் எதிர் நுனிப் பையன் என்ன ஆவான்? அந்தப் பையன்தான் டிரக்கின் முன் சக்கரம். ஸ்டியரிங் இருப்பது அங்கே. பிரேக்கின் பெரும் வேலை அங்கே. அது லேசாகிவிட்டால் வளைவில் ஒடித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

இங்கேதான் நம்ம கதாநாயகன் வருகிறான். பாரம் பகிர்கிற கொக்கி என்பது குமிழோடு சேர்ந்த ஒரு கனத்த இரும்புத் தலை. அதிலிருந்து டிரெய்லர் பக்கம் நீளும் இரண்டு ஸ்பிரிங் எஃகுக் கம்பிகள். கம்பிகளின் நுனியை மேலே தூக்கி, டிரெய்லரின் சட்டத்தில் மாட்டிவிட வேண்டும். கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புகிறோமே, அதே வேலைதான். இரண்டு கடப்பாரை, வண்டி ஓடுகிற நேரம் முழுக்க நெம்பிக்கொண்டே இருக்கிறது. அந்த நெம்பலில் குந்தின பின்பக்கம் எழும்புகிறது. கொஞ்சம் பாரம் டிரக்கின் முன் சக்கரத்துக்கும், கொஞ்சம் டிரெய்லரின் சக்கரத்துக்கும் போகிறது.

கடைக்குப் போனோம். ஸார், ஜவுளிக்கடையே தேவலை! சங்கிலியில் தொங்கும் கம்பி ஒரு ரகம். விலை குறைவு. ஆனால் அது ஆட்டத்தை அடக்காது; அதற்குத் தனியாக ஓர் உரசல் கம்பி வாங்கி மாட்ட வேண்டும், ரிவர்ஸ் எடுக்கிறபோது இறங்கிக் கழற்ற வேண்டும். அத்தான் காரை விட்டு இறங்கி லெட்டர் பாக்ஸைத் திறப்பதற்கே அலுத்துக்கொள்பவர். அது அடிபட்டது. ரீஸ் கம்பெனியின் இரட்டை கேம் என்று ஒன்று, நேராகப் போகும்போது கம்பிகள் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு டிரெய்லரை நேராகவே பிடித்து வைக்குமாம். ஈக்வலைசர் என்று ஒன்று. அதில் சங்கிலி கிடையாது. கம்பிகள் நாலு இடத்தில் இரும்போடு இரும்பு உரசி உட்காரும். அந்த உரசலே ஆட்டத்தை அடக்கும். ரிவர்ஸுக்குக் கழற்ற வேண்டாம். ஆண்டர்சன் என்பது கம்பிக்குப் பதில் சங்கிலியும் ரப்பர் மாதிரி ஒரு வஸ்துவும். எடை ரொம்பக் குறைவு. கடைசியாக ஹென்ஸ்லி. விலை மூவாயிரம் டாலருக்குப் பக்கத்தில். அது ஆட்டத்தை அடக்குவதில்லையாம், ஆடவே விடாதாம். டிரெய்லர் திரும்புகிற புள்ளியையே பின் சக்கரத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் வைத்த மாதிரி ஒரு ஜோடிப்பு.

அத்தான் கண்கள் மூவாயிரத்தின் மேல் நின்றன. எனக்குத் தெரியும், அவர் டிகேட்டரில் பயந்துபோயிருந்தார். பயத்தைப் பணத்தால் அடிக்கப் பார்த்தார். ஆறு பேர் உயிர் கையிலிருந்து நழுவப் பார்த்ததை அவர் யாரிடமும் பேசவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கராஜில் லைட் எரிந்ததை நான் பார்த்தேன்.

"அத்தான், அது நல்ல சரக்குதான். முப்பது அடிக்கு மேல வெச்சுக்கிட்டு, வருஷம் பூரா ரோட்டுலயே இருக்கறவனுக்கு. நம்ம டிரெய்லர் ஆடினது கொக்கியால இல்ல, தண்ணியால, அரிசியால. அதைத்தான் சரி பண்ணிட்டோமே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அந்த உரசல் ரகமே இருக்கட்டும். ஆனா 1,400 பவுண்டு சைஸ் எடுப்போம். பெருசா இருந்தா சேஃப்தானே?" என்றார்.

பெரிய சைஸ் சேஃப் என்பது வளர்கிற பையனுக்குச் சட்டை தைக்கிறபோது சரி. கம்பி ரொம்ப முரடாக இருந்தால் வளையாது. ஒவ்வொரு மேடு பள்ளமும் சட்டத்தில் 'ணங்' என்று இறங்கும். ரொம்பச் சின்னதாக இருந்தால் நெம்பாது. கணக்கு இப்படி: மூக்குப் பாரம் 740, அதோடு டிரக்கில் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கிற சாமான் ஒரு 100. ஆக 840. அந்தக் கம்பெனியில் 600, 1,000, 1,200, 1,400 என்று சைஸ். 600 பத்தாது. 1,000 சரி. எண்ணூறு டாலர் வாக்கில் ஆயிற்று. கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க என்ஜினீயரா?" என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை 'ஆமாம்' என்று பொய் சொல்ல ஆசைப்பட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தபோது இன்னொரு ஸ்டிக்கர். மஞ்சளும் வெள்ளையுமாக. ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,480 பவுண்டுக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தது. விளம்பரத்தில் ஒன்பதாயிரம் இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்ட அதே டிரக்தான். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. மூக்குப் பாரம், இழுப்பதில் அல்ல, சுமப்பதில் சேர்த்தி.

பேப்பரை எடுத்தேன். அத்தான் 190, அக்கா 150, அப்பா 140, நான் 165, குழந்தைகள் 90-ம் 60-ம். ஆக 795. மூக்கு 740. புதுக் கொக்கியின் சொந்த எடையே 90. டிரக்கின் பின்னால் ஜெனரேட்டர், கட்டைகள், நாற்காலிகள் 200. கூட்டல் 1,825. பற்று 345 அதிகம்.

"அதான் பாரத்தைப் பகிருதே கொக்கி!" என்றார் அத்தான்.

"பகிரத்தான் செய்யும் அத்தான், தள்ளுபடி பண்ணாது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாத்தி எழுதற ஜர்னல் என்ட்ரி அது. டிரெய்லர் சக்கரத்துக்கு ஒரு எண்பது பவுண்டு போகும். அப்பவும் 265 இடிக்குது."

"அப்ப என்னங்கறே?"

"மூணு பேர் இறங்கணும்."

முதல் முறையாக அத்தான் என்மேல் கோபப்பட்டார். எல்லாரும் ஒரே வண்டியில், மாமா நடுவில், பழைய பாட்டுப் போட்டுக்கொண்டு... அதற்குத்தானே இத்தனையும்? "மாமாவை இறக்கிவிட்டுட்டு மாமாவுக்காக டூர் போறதா? இந்த ஊர்ல ஆயிரம் பேர் இப்படித்தான் போறான், ஒண்ணும் ஆகறதில்ல" என்றார். நியாயம்தான். ஆயிரம் பேர் போகிறார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜன்னல் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"ஏன் மாப்ளே, சந்தைக்குப் போறப்ப மேட்டுல வண்டி ஏறலேன்னா நாங்க இறங்கி நடப்போம். மாடு இழுக்காதுன்னு இல்ல. பாவம்லா? நான் எம்மவ காருல பின்னால வாரேன்."

முடிந்தது சபை. அக்கா கார், அதில் அப்பாவும் நானும். டிரக்கில் அத்தானும் குழந்தைகளும். கணக்கு 1,370.

கொக்கியை மாட்ட ஒரு சனிக்கிழமை போயிற்று. தலையின் சாய்மானத்துக்கு எத்தனை வாஷர் என்று வைத்து, கழற்றி, வைத்து... சக்கரத்துக்கு மேல் வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மூன்று தடவை டேப் பிடித்தோம். கம்பியை மாட்டுமுன் டிரெய்லரின் ஜாக்கியால் டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கிவிட வேண்டும். வீரத்தைக் காட்டி வெறும் கையால் நெம்பினால் கம்பி விடுபட்டு மணிக்கட்டைப் பதம் பார்க்கும்.

பிறகு ஹைவே லாரி ஸ்டாப்பில் இருக்கிற கேட் ஸ்கேல் என்னும் எடை மேடைக்குப் போனோம். ஒரு மசால் தோசை விலையில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக நிறுத்து, சீட்டுக் கொடுக்கிறார்கள். டிரக் மட்டும் நின்றபோது முன் அச்சில் 3,300, பின் அச்சில் 2,500. டிரெய்லரைக் கம்பி இல்லாமல் மாட்டினால் முன் 3,020, பின் 3,520, டிரெய்லர் 5,160. கம்பி மாட்டினால் முன் 3,160, பின் 3,300, டிரெய்லர் 5,240. முன் அச்சு இழந்தது 280, திரும்பி வந்தது 140, சரியாகப் பாதி. எங்கள் டிரக்கின் புத்தகம் பாதிதான் கேட்டது. முழுக்கத் திருப்ப ஆசைப்பட்டால் பின்பக்கம் லேசாகி, அது வேறு வம்பு.

நான் இரண்டு சீட்டையும் கூட்டினேன். 11,700. இதுவும் 11,700. காலேஜில் டிரையல் பேலன்ஸ் இப்படி ஒரே தடவையில் டாலி ஆகி நான் பார்த்ததில்லை. லாரி ஸ்டாப்பில் நின்று கைதட்டினேன். தாடிவைத்த டிரைவர் ஒருவர் விலகிப் போனார்.

பாலோ டூரோ 360 மைல். விச்சிட்டா ஃபால்ஸுக்கு அப்புறம் காற்று ஆரம்பித்தது. அந்தப் பிரதேசத்தில் மரமே கிடையாது, காற்றுக்குக் கேட்பாரும் கிடையாது. அத்தான் 60-ஐத் தாண்டவில்லை. ஒரு லாரி அவரைத் தாண்டப் போவதைப் பின்னாலிருந்து பார்த்தோம். அக்கா ஸ்டியரிங்கை இறுக்கினாள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்தார் என்றும் சொல்லலாம். லாரி தாண்டியது. டிரெய்லர் தோளை லேசாகக் குலுக்கிவிட்டு, நேராகப் போயிற்று. போனில் அத்தான் குரல்: "மாமா, பார்த்தீங்களா?"

"நல்லாப் போகுது மாப்ளே. ரோட்டைப் பாருங்க" என்றார் அப்பா.

பள்ளத்தாக்குக்குள் 10 சதவிகிதச் சரிவில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் கொக்கி 'கீ... க்ர்ர்' என்று அலறியது. இந்த ரகத்தில் அது சகஜம். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். எண்ணெய் போட்டால் சத்தம் போய்விடும். கூடவே உரசலும், அதாவது ஆட்டத்தை அடக்குகிற சங்கதியும் போய்விடும். கம்பி உட்காரும் தாங்கியில் கிரீஸ் தடவாதே என்று கையேட்டில் போட்டிருந்தது.

அப்பா செம்மண்ணை மூன்று நாள் சலிக்காமல் பார்த்தார். அம்மாவைப் பற்றி அக்காவிடம் ஏதோ நிறையப் பேசினார். நான் பக்கத்தில் போகவில்லை.

கிளம்புகிற அன்று விடிகாலை விழித்தால் அப்பா கட்டிலில் இல்லை. பதறி வெளியே ஓடினேன். கொக்கிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில்.

"அப்பா!"

"வரும்போது கத்திக்கிட்டே வந்துச்சுல்லா... பாவமா இருந்துச்சு. அச்சுக்கு மசி போடாம யாராவது வண்டி ஓட்டுவானா?"

"எவ்வளவு விட்டீங்க?"

"ரெண்டு சொட்டுதாம்ல."

அரை பாட்டில் காலி. என் பனியனைக் கழற்றி, அக்காவின் பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டு, முக்கால் மணி நேரம் தேய்த்தேன். டார்ச் பிடித்தவர் அப்பா. அத்தான் எழுந்து வருகிறபோது நாங்கள் இருவரும் சூரியோதயம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வளைவில் கொக்கி பழையபடி அலறுகிறதா என்று அன்று பூரா காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். அலறியது. அத்தானுக்கு இதுவரை விஷயம் தெரியாது. பிளேனோவில் இந்தப் பத்திரிகை கிடைக்காது என்ற தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.